பழைய கணினிக்கு அப்டேட் நின்றுவிட்டால் என்ன செய்வது?

"இந்த விண்டோஸுக்கான ஆதரவு முடிகிறது" என்று திரையில் அறிவிப்பு வந்த அன்றே சித்தப்பா போன் செய்தார். "ஏம்ப்பா, இதைத் தூக்கிப் போட்டுட வேண்டியதுதானா?" ஒன்பது வருடமாக அவர் கையில் இருக்கும் லேப்டாப் அது. திரையில் கீறல் இல்லை, கீபோர்டில் ஓர் எழுத்துகூட அழியவில்லை. சார்ஜ் மட்டும் சீக்கிரம் இறங்கிவிடும். அதை ஏன் தூக்கிப் போட வேண்டும்?

இந்தக் கேள்வியை இப்போது பலர் கேட்கிறார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு மாறச் சொல்கிறது. ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஏராளமான கணினிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. புதிது வாங்குவது ஒரு வழி. அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய வழிகள் நான்கைந்து இருக்கின்றன. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைக் கணினியின் வயதை வைத்து முடிவு செய்ய முடியாது. அதில் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆதரவு நின்றால் உண்மையில் என்ன நிற்கிறது?

இயங்குதளம் என்பது கணினியின் பாகங்களுக்கும் நாம் திறக்கும் செயலிகளுக்கும் நடுவில் இருந்து எல்லாவற்றையும் நடத்தும் மென்பொருள். விண்டோஸ், மேக்ஓஎஸ், லினக்ஸ் எல்லாம் இந்த வகைதான். கோடிக்கணக்கான வரிகளில் எழுதப்பட்ட ஒன்றில் ஓட்டைகள் இருந்தே தீரும். ஒரு படத்தையோ இணையப் பக்கத்தையோ திறந்த மாத்திரத்தில் வெளியாள் உள்ளே வர இடம் கொடுக்கிற ஓட்டைகளும் அவற்றில் உண்டு. யாராவது கண்டுபிடிப்பார்கள், தயாரித்தவர்கள் அடைப்பார்கள், அந்த அடைப்பு அப்டேட்டாக நம்மிடம் வரும். மைக்ரோசாஃப்ட் 2003-லிருந்து மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை இவற்றை வெளியிட்டு வருகிறது. ஆதரவு முடிந்தது என்றால் இந்த மாதாந்திர அடைப்பு வேலை நின்றுவிட்டது என்று பொருள். கணினி பூட்டிக்கொள்ளாது. ஃபைல்கள் மறையாது. அடுத்த நாள் காலையும் வழக்கம்போல ஆன் ஆகும்.

அதனால்தான் "ஒன்றும் ஆகவில்லையே" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஆபத்து மெதுவாகச் சேர்கிறது. எப்படி என்று கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கலாம். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டும் உள்ளே பெருமளவுக்கு ஒரே நிரலால் ஆனவை. 11-இல் ஓர் ஓட்டையை அடைத்து அப்டேட் வந்ததும், அப்டேட்டுக்கு முந்தைய ஃபைலையும் பிந்தைய ஃபைலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எந்த இடத்தைத் திருத்தியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதே இடம் 10-இல் திறந்தே கிடக்கும். இரண்டு வீட்டையும் ஒரே கொத்தனார் கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் எந்த ஜன்னலின் தாழ்ப்பாளை மாற்றினார்கள் என்று பார்த்தாலே உங்கள் வீட்டில் எந்த ஜன்னல் சாத்தாது என்பது திருடனுக்குத் தெரிந்துவிடும்.

2017 மே மாதம் பரவிய வானாக்ரை என்ற தீங்கு மென்பொருள் இதற்கு நல்ல உதாரணம். 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளில் இருந்த ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட் இரண்டு மாதம் முன்பே, அந்த மார்ச்சிலேயே வந்திருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகள் மாட்டிக்கொண்டன. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்திருந்தும், நிலைமையைப் பார்த்து மைக்ரோசாஃப்ட் அதற்கும் ஓர் அவசர அப்டேட் கொடுத்தது. அப்படி ஒவ்வொரு முறையும் நடக்காது.

"ஆன்டிவைரஸ் இருக்கிறதே, போதாதா?" என்று அடுத்த கேள்வி வரும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டருக்கு, விண்டோஸ் 10-இலும் 2028 அக்டோபர் வரை புதிய வைரஸ் பட்டியல்கள் வந்துகொண்டிருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஆன்டிவைரஸ் வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. சுவரில் விழுந்த ஓட்டையை அடைப்பது அதன் வேலை இல்லை.

இன்னொன்று, இயங்குதளத்தைத் தொடர்ந்து மற்ற மென்பொருள்களும் விலகிக்கொள்ளும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்தது. குரோம் பிரவுசர் மூன்று வருடம் தாக்குப்பிடித்து, 2023 தொடக்கத்தில் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. பிரவுசர் பழசானால் வங்கித் தளங்கள் ஏற்க மறுக்கும், சில பக்கங்கள் பாதியில் நின்றுவிடும். பழைய கணினி வைத்திருப்பவருக்கு நடைமுறையில் முதலில் தொந்தரவு வருவது இங்கிருந்துதான்.

எதையும் தொடுவதற்கு முன்னால்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வேலை பேக்கப். வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் ஒரு பிரதி, கிளவுடிலோ இன்னொரு டிஸ்க்கிலோ மற்றொரு பிரதி. ஒன்று போதாது. எடுத்த பிரதியிலிருந்து நான்கைந்து ஃபைல்களை வேறொரு கணினியில் திறந்தும் பார்த்துவிடுங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஒரு முறை, இருக்கிறது என்று நம்பி டிஸ்க்கை அழித்த பிறகு, காப்பி பாதியில் நின்றுபோயிருந்தது தெரிந்தது. இரண்டு வருடத்துக் குடும்பப் படங்கள் போய்விட்டன. அதிலிருந்து இந்த விஷயத்தில் எனக்கு அவசரமே கிடையாது.

படங்கள், ஆவணங்கள் எல்லோருக்கும் நினைவில் இருக்கும். மறந்துபோகிற சிலவற்றைச் சொல்கிறேன். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் புக்மார்க்குகளும் ஒன்று. காசு கொடுத்து வாங்கிய மென்பொருள்களின் லைசன்ஸ் எண்கள் இன்னொன்று. தமிழில் பழைய ஆவணங்கள் வைத்திருப்பவர்கள் பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களையும் மறக்காமல் காப்பி எடுக்க வேண்டும். எழுத்துரு இல்லாமல் அந்த ஃபைலை வேறு கணினியில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகள்தான் வரிசையாக வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பிட்லாக்கர் சாவி. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதிதான் பிட்லாக்கர். பல லேப்டாப்களில் டிஸ்க் முழுவதும் தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே தெரிந்திருக்காது. பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை அமைப்பில், ஏதாவது மாற்றினால் அடுத்த முறை ஆன் செய்யும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். முன்கூட்டியே பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லை என்றால் டிஸ்க்கில் இருப்பதை யாராலும் எடுத்துத் தர முடியாது.

உங்கள் கணினி எந்தத் தலைமுறை?

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் என்ற பக்கத்தைத் திறந்தால் பிராசசரின் பெயர் இருக்கும். சித்தப்பாவின் லேப்டாப்பில் இன்டெல் ஐ5-7200யு என்று இருந்தது. கோட்டுக்குப் பிறகு வரும் நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கம்தான் தலைமுறை. 7200 என்றால் ஏழாம் தலைமுறை. 8250 என்றால் எட்டாம் தலைமுறை. 10210 என்று ஐந்து இலக்கம் வந்தால் முதல் இரண்டைப் பாருங்கள், பத்தாம் தலைமுறை. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்து என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். சித்தப்பா ஒரே ஒரு தலைமுறையில் தவறவிட்டார். இந்த மாதிரி வரம்புக்கு ஒரு படி கீழே நிற்கும் கணினிகளைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. 2016, 2017-இல் வாங்கிய நல்ல இயந்திரங்கள் அவை.

பிராசசர் தகுதியானதாக இருந்தும் "இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது" என்று செய்தி வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் செக்யூர் பூட் என்ற வசதியும் வேண்டும். 2018 வாக்கில் வந்த பல கணினிகளில் டிபிஎம் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் கணினியில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் அதற்குப் பெயர். அதை ஆன் செய்தாலே பலருக்கு வழி திறந்துவிடும். பழைய முறையான லெகசி பூட்டில் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் நிதானம் தேவை. டிஸ்க்கின் அமைப்பை மாற்றாமல் புதிய முறையான யுஇஎஃப்ஐக்குத் தாவினால் விண்டோஸ் எழும்பாது. தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

தகுதியில்லாத கணினியிலும் ரூஃபஸ் போன்ற கருவியால் சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுவிடலாம். செய்பவர்கள் இருக்கிறார்கள், நன்றாக ஓடுவதும் உண்டு. ஆனால் அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது எஸ்எஸ்இ4.2 என்ற கட்டளைத் தொகுதி இல்லாத மிகப் பழைய பிராசசர்களில் அது எழும்பவே இல்லை. அப்டேட் நிச்சயமாக வர வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவும் செய்கிறோம்? அதனால் விளையாடிப் பார்க்கிற கணினிக்கு இது சரி. வீட்டுக் கணக்கு வழக்கெல்லாம் இருக்கிற கணினிக்கு நான் இதைச் சொல்வதில்லை.

ஒரு வருட அவகாசம்

விண்டோஸ் 10-இலேயே இருக்க விரும்புபவர்களுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் என்ற திட்டம் இருக்கிறது. சுருக்கமாக இஎஸ்யு என்பார்கள். தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை முக்கியமான பாதுகாப்பு அப்டேட்கள் வரும். புதிய வசதிகள் வராது. கணினியின் செட்டிங்ஸைக் கிளவுடில் பேக்கப் செய்யச் சம்மதித்தால் இலவசம், இல்லையென்றால் 1,000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகளோ 30 டாலரோ கொடுக்க வேண்டும். எப்படிச் சேர்ந்தாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு தேவை. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும். ஒரு கணக்கில் பத்துக் கணினிகள் வரை சேர்க்கலாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு இருக்கும். நிறுவனங்களுக்குக் கட்டணம் அதிகம், ஆனால் மூன்று வருடம் வரை வாங்கிக்கொள்ளலாம்.

இதைத் தகுதியுள்ள எல்லோரும் இன்றே செய்துவிட வேண்டும் என்பது என் கருத்து. இது தீர்வு இல்லைதான். ஆனால் நிதானமாக யோசித்து முடிவெடுக்கக் காலம் கிடைக்கிறது. சித்தப்பாவுக்கும் முதலில் இதைத்தான் செய்தோம்.

அதே லேப்டாப், வேறு இயங்குதளம்

சித்தப்பா லேப்டாப்பில் என்ன செய்கிறார்? யூடியூப், மின்னஞ்சல், வங்கி, பேரப்பிள்ளைகளோடு வீடியோ பேச்சு, எப்போதாவது ஒரு கடிதம் டைப் செய்து பிரின்ட் எடுப்பது. இதில் ஏறக்குறைய எல்லாமே பிரவுசருக்குள் நடக்கிற வேலை. இப்படிப்பட்டவர்களுக்கு லினக்ஸ் மிக நல்ல வழி.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸை இன்று உலகம் முழுவதும் பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள். அதை அடித்தளமாக வைத்துப் பல இயங்குதளங்கள் இருக்கின்றன. அவற்றை டிஸ்ட்ரோ என்பார்கள். பெரும்பாலானவை இலவசம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று தேடத் தொடங்கினால் தலை சுற்றிவிடும். விண்டோஸிலிருந்து முதன்முதலாக வருபவருக்கு நான் லினக்ஸ் மின்ட் என்று ஒரே ஒரு பெயரைத்தான் சொல்வேன். கீழே டாஸ்க்பார், இடது ஓரத்தில் மெனு, வலது ஓரத்தில் கடிகாரம் என்று பழகிய அமைப்பு. 22-ஆம் வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 2 ஜிபி ரேமிலும் எழும்பும், 4 ஜிபி இருந்தால் நன்றாகவே ஓடும். நினைவகம் குறைவாக இருந்தால் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள், அது இன்னும் இலகு. 64 பிட் பிராசசர் வேண்டும். 32 பிட் மட்டுமே ஓடக்கூடிய மிகப் பழைய கணினி என்றால் ஆன்டிஎக்ஸ் போன்றவற்றைப் பார்க்கலாம். ஆனால் அந்த அளவு பழைய இயந்திரத்தில் இன்றைய இணையப் பக்கங்களே மூச்சு வாங்கும்.

லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது, நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்பது. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். மின்ட் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, ரூஃபஸ் அல்லது பலீனா எட்சர் மூலம் பென்டிரைவில் எழுத வேண்டும். சும்மா காப்பி செய்து ஒட்டினால் வேலை செய்யாது. புதியவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். பென்டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்து, உற்பத்தியாளரின் லோகோ தெரியும் அந்த ஒன்றிரண்டு நொடியில் பூட் மெனுவுக்கான விசையைத் தட்ட வேண்டும். எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று கணினிக்குக் கணினி மாறும். வருகிற பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால், ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் மின்ட் முழுதாகத் திறந்துகொள்ளும்.

அப்படித் திறந்ததும் அரை மணி நேரம் செலவழித்து எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா? யூடியூப் ஒன்றைப் போட்டுச் சத்தம் வருகிறதா? வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்கின்றனவா? கேமரா? பிரின்டர்? மூடியைச் சாத்தித் திறந்தால் விட்ட இடத்தில் வந்து நிற்கிறதா? சித்தப்பாவின் லேப்டாப்பில் வைஃபை முதலில் வரவே இல்லை. கணினியின் பாகங்களை இயங்குதளத்தோடு பேச வைக்கும் சிறு மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அதைத் தேடித் தர மின்ட்டில் டிரைவர் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது. போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் இணையத்தை லேப்டாப்புக்குக் கொடுத்தோம். டிரைவர் மேனேஜரைத் திறந்ததும் அந்த வைஃபை சிப்புக்கான டிரைவரை அதுவே காட்டியது. ஒரு கிளிக், வைஃபை வந்துவிட்டது.

எல்லாம் சரியாக இருந்தால், திரையில் இருக்கும் இன்ஸ்டால் ஐகானை அழுத்தலாம். விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே மின்ட்டைப் போடலாம், டிஸ்க் முழுவதையும் மின்ட்டுக்கே கொடுத்துவிடலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் பழையவை எல்லாம் அழியும். பேக்கப் பற்றி அவ்வளவு நீட்டி எழுதியது இந்த ஒரு கிளிக்குக்காகத்தான்.

தமிழ் தட்டச்சுக்கு லினக்ஸில் குறை இல்லை. ஐபஸ் என்ற உள்ளீட்டு வசதியோடு எம்17என் என்ற தொகுதியைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை, ஒலிப்பு முறை இரண்டுமே கிடைக்கும். ஆவணங்களுக்கு லிப்ரேஆபீஸ் கூடவே வருகிறது. வேர்டு ஃபைல்களை அது திறக்கும். சிக்கலான அட்டவணையும் அலங்காரமும் உள்ள ஃபைல்களில் மட்டும் வரிகள் கொஞ்சம் இடம்பெயரும்.

யாருக்கு லினக்ஸ் பொருந்தாது என்பதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். ஃபோட்டோஷாப், ஆட்டோகேட் போன்றவற்றில்தான் உங்கள் பிழைப்பு என்றால் வேண்டாம். அவை லினக்ஸுக்கு வரவில்லை. விண்டோஸை நம்பியே எழுதப்பட்ட கணக்கு மென்பொருளோ டிஜிட்டல் கையொப்ப டோக்கனோ இருந்தால், அது லினக்ஸில் ஓடுகிறது என்று கண்ணால் பார்க்கிற வரை மாறாதீர்கள். ஒயின் என்ற கருவி சில விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட வைக்கும். ஆனால் எது ஓடும், எது முரண்டு பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பிரவுசரைத் தவிர எதுவுமே வேண்டாம் என்பவர்களுக்கு கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸும் ஒரு வழி. 4 ஜிபி ரேம் போதும், இதையும் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். கூகுள் கணக்கோடு வாழ்க்கையே பிணைந்திருக்கிறவர்களுக்குச் சுலபமாக இருக்கும். ஆண்ட்ராய்டு ஆப்கள் அதில் ஓடாது என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். ஆப்பிள் பொதுவாக மேக்ஓஎஸின் கடைசி மூன்று பதிப்புகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் தருகிறது. 2025-இல் வந்த டாஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்றும் அறிவித்துவிட்டது. இன்டெல் மேக்குகளிலும் லினக்ஸ் போட முடியும். ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்ற தன்னார்வலர்களின் கருவியால் ஆப்பிள் கைவிட்ட மாடல்களில் புதிய மேக்ஓஎஸை ஓட்டுபவர்களும் உண்டு.

மெதுவாக இருப்பதற்குக் காரணம் வயது இல்லை

"அது ரொம்ப ஸ்லோ, மாத்தித்தான் ஆகணும்" என்று சித்தப்பா சொன்னதற்குக் காரணம் பிராசசர் இல்லை. உள்ளே இருந்தது சுழலும் ஹார்டு டிஸ்க். பழைய லேப்டாப் ஹார்டு டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். தேடுகிற தகவல் ஊசிக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஊசி சரியான வளையத்துக்கு நகர வேண்டும். இரண்டையும் சேர்த்தால் டிஸ்க்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் தகவல்களை நொடிக்கு நூறு தடவைகூட எடுக்க முடியாது. விண்டோஸ் ஆன் ஆகும்போது இப்படி ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்கிறது. தகவலைச் சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. ஒரு சாதாரண எஸ்எஸ்டி நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை எடுத்துக் கொடுத்துவிடும்.

அதனால் பழைய கணினிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது. இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி பெரும்பாலான பழைய லேப்டாப்களில் அப்படியே உட்காரும். அடுத்ததாக ரேம். 4 ஜிபியை 8 ஆக்கினால் பிரவுசரில் பத்து டேப் திறந்தாலும் திணறாது. வாங்கும் முன் டிடிஆர்3-ஆ, டிடிஆர்3எல்-ஆ, டிடிஆர்4-ஆ என்று பார்த்து அதே வகையை வாங்குங்கள். சில மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், அதை மாற்ற முடியாது. சித்தப்பாவுக்கு எஸ்எஸ்டி போட்டு அதில் மின்ட்டை ஏற்றினோம். பழைய ஹார்டு டிஸ்க்கை அழிக்காமல் ஓர் உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டோம். மூன்றாவது பேக்கப் மாதிரி ஆயிற்று.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலரைக் குழப்புவது. எந்த இணையதளத்தைத் திறந்தாலும் "இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல" என்று பிரவுசர் சொன்னால் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் நின்ற ஒவ்வொரு முறையும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். இணையதளச் சான்றிதழ்களுக்கு இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை என்று கெடு இருக்கிறது. கணினியின் தேதி அந்தக் கெடுவுக்கு வெளியே இருந்தால் பிரவுசர் ஏற்காது. கைக்கடிகார பேட்டரி மாதிரி ஒன்றை மாற்றினால் தீர்கிற இந்தக் கோளாறுக்காகக் கணினியையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

இணையத்தைத் துண்டித்து வைத்துக்கொள்ளலாமா?

சில கணினிகளை மாற்றவே முடியாது. பழைய ஸ்கேனரோ எம்பிராய்டரி இயந்திரமோ ஆய்வகக் கருவியோ அந்த விண்டோஸோடு மட்டும்தான் பேசும். அப்படிப்பட்டதை இணையத்திலிருந்து பிரித்து வைத்து ஓட்டலாம், தவறில்லை. வைஃபையை அணைத்தால் போதாது. யாராவது மறுபடி இணைத்துவிடுவார்கள். பயாஸிலேயே வைஃபையை முடக்குங்கள், அல்லது அதன் கார்டைக் கழற்றிவிடுங்கள். அப்புறம் பென்டிரைவ். 2010-இல் தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீங்கு மென்பொருள், இணையமே இல்லாத கணினிகளுக்குள் யுஎஸ்பி டிரைவ் வழியாகப் போனது. அந்தக் கணினிக்கென்று ஒரே ஒரு பென்டிரைவ் வைத்து, வேறு கணினியில் சோதித்த பிறகே அதில் செருகுவது நல்லது. வங்கி வேலையும் மின்னஞ்சலும் அந்தக் கணினியில் கூடவே கூடாது.

உண்மையாகவே விடைகொடுக்கும்போது

திரை போய்விட்டது, மதர்போர்டு பழுது, சரிசெய்யச் செலவு அதிகம் என்ற நிலையில் விட்டுவிடத்தான் வேண்டும். 2022-இல் மட்டும் உலகத்தில் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது என்றும், அதில் 22.3 சதவீதம்தான் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் இருக்கிறது என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. அதனால் குப்பைத் தொட்டிக்குப் போகாமல் மின்கழிவு வாங்கும் இடத்துக்குப் போகட்டும். இன்னும் ஓடுகிறது என்றால் மின்ட்டைப் போட்டு, படிக்கிற பிள்ளை யாருக்காவது கொடுத்துவிடலாம்.

யாரிடம் கொடுத்தாலும் டிஸ்க்கைச் சுத்தமாக அழித்துவிட்டுக் கொடுங்கள். ஃபைல்களை டெலீட் செய்தாலோ மேலோட்டமாக ஃபார்மேட் செய்தாலோ தகவல் போகாது. அது எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் போகும். மீட்டெடுக்கும் மென்பொருள் வைத்திருப்பவர் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துவிடலாம். விண்டோஸில் ரீசெட் செய்யும்போது டிரைவை முழுதாகச் சுத்தம் செய்யும் விருப்பம் ஒன்று வரும், அதைத் தேர்ந்தெடுங்கள். எஸ்எஸ்டி என்றால் அதன் உற்பத்தியாளர் தரும் செக்யூர் இரேஸ் கருவி இன்னும் பொருத்தம். பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு, எடுத்துக்கொள்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சித்தப்பாவின் லேப்டாப்பில் மின்ட் ஓடத் தொடங்கி சில மாதங்கள் ஆகின்றன. முதல் வாரம் தினமும் போன் வந்தது. "டவுன்லோடு பண்ணினது எங்கப்பா போகுது?" "பிரின்ட் இரண்டு பக்கமும் வருதே, எப்படி நிறுத்தறது?" இரண்டாவது வாரம் இரண்டே போன். போன வாரம் அழைத்தவர் லேப்டாப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் கேட்டேன். "அதுக்கென்ன, ஓடுது" என்றார்.